துஷிச்ச வாயு

என் கணவர் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கிறார். லீவு நாட்களில் வெளிவேலைக்கும் போவார். அப்படி வேலை கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், எப்போதும் போனில் கூப்பிடுகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

பூட்டிக் கிடக்கும் ஒரு மசாலாக் கிடங்கின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். "ஒண்ணுமில்ல சேட்டா, சும்மா நாத்தம். அரை மணிக்கூர் வேலை" என்றார். சாயாவைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துக் கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்துக் கேட்டதே இல்லை. என் கணவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தாளை என்னிடம் நீட்டினார். தொட்டியில் 'துஷிச்ச வாயு' இருக்கலாம் என்று தொழிலாளிக்குச் சொல்லியாகிவிட்டது, இனி எது நடந்தாலும் அவரே பொறுப்பு என்று எழுதியிருந்தது.

"தூஷிக்கிறதுன்னா ஏசறது இல்லியா?" என்று கேட்டார் கணவர்.

"தமிழ்ல அப்படி. இங்க துஷிச்சதுன்னா கெட்டுப்போனது. வாயு துஷிச்சதுன்னா, சுவாசிச்சா உடம்புக்கு ஆகாத காற்று." நான் இங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்; அறிவியல் பாடத்தில் வந்த சொல் அது. மூடிக் கிடக்கும் கிணற்றில் இறங்குகிறவன் மயங்கி விழுவது ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லைத்தான் பதிலாக எழுதுவோம்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "அது சும்மா ஒரு வாக்கு, வெறும் சொல்லு, சேச்சி. எல்லாத்திலயும் அப்படித்தான் எழுதுவாங்க."

நான் மகளின் பேனாவை எடுத்து வந்தேன். "அப்ப 'துஷிச்ச'ங்கறதை வெட்டிட்டு, 'நாற்றமுள்ள'ன்னு நீங்களே எழுதுங்க. அவர் ஒப்பு வைப்பார்."

அவர் பேனாவைத் தொடவில்லை. அச்சடித்த தாளில் கை வைக்கக் கூடாது என்றார். என் கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வரல்ல, சேட்டா" என்றார். தாள் மடிந்து பைக்குள் போனது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒப்பந்தக்காரர் கூப்பிடவில்லை. ஒரு சொல்லுக்காக வேலையை விட்டுவிட்டோமோ என்று கணவர் ஒருமுறை முணுமுணுத்தார்.

ஆனால் அவர் வந்துபோன மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமையே, அந்தக் கிடங்கு வாசலில் உறிஞ்சுகுழாய் வைத்த டாங்கர் லாரி நிற்பதைப் பார்த்திருந்தேன். முதலிலேயே அதைக் கூப்பிட்டிருக்கலாமே. இடையில் இருந்த திங்கட்கிழமை ஒப்பந்தக்காரர் அந்தத் தாளை வேறு எந்த வீட்டுக்குக் கொண்டுபோனார், அங்கே யாராவது கையெழுத்துப் போட்டுத் தொட்டியில் இறங்கினார்களா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.