குத்தினால் தெரியாத கை

சீமைக்கு விடுப்பில் போய்த் திரும்பிய பெரிய டாக்டர் துரை, மருத்துவ வகுப்புப் பையன்களுக்கு இனிமேல் சைக்காலஜி என்ற மனநூலும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்து சேர்ந்தார். அருமனைக்குப் போகும் பாதையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் தத்துவம் படித்து பி.ஏ. முடித்துவிட்டு, கல்யாணப் பேச்சுக்குப் பிடிகொடுக்காமல் வீட்டில் இருந்த என் பெயரை எங்கள் சபைப் போதகர் சொல்லியிருக்கிறார். பாடம் எடுக்க ஒரு பெண் வருவாள் என்று பையன்கள் எதிர்பார்க்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் என்னைவிட மூத்தவர்கள்.

முதல் வகுப்பிலேயே தக்கலை வக்கீல் ஒருவரின் மகன் எழுந்து நின்றான். வகுப்பில் கெட்டிக்காரன் அவன்தான்.

"டீச்சர், போன வாரம் ஒரு பிரேதத்தை முழுசா அறுத்துப் பாத்தோம். ஈரல் இருந்தது, மண்ணீரல் இருந்தது. மனசை மட்டும் காணல்ல. எந்தப் பக்கம் இருக்கும்னு சொன்னா அடுத்த தடவை அங்க வெட்டிப் பாக்கலாம்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். பல வாரங்கள் அப்படித்தான் போயிற்று. ஆணி அடிப்பதுபோல நான் பேசுவேன், அவர்கள் பெஞ்சுக்கடியில் காலால் தாளம் போடுவார்கள்.

நோயாளியின் மனதில் ஒரு சொல் எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்தின்போதுதான் முதன்முதலாக அமைதியாகக் கேட்டார்கள். சாயத் தண்ணீரை மருந்து என்று நம்பிக் குடித்த ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி நின்றுபோனதைச் சொன்னேன். அவர்களே வார்டில் பார்த்திருந்த பெண்.

வக்கீல் மகன் கேட்டான். "ஒரு சொல்லால நோவை எடுக்க முடியும்னா, ஒரு சொல்லால நோவை உண்டாக்கவும் முடியும். இல்லியா டீச்சர்?"

"முடியும். அதனாலதான் நோயாளி காதுபட வாய்க்கு வந்ததைப் பேசக் கூடாது" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிப்பந்தி இருந்தார். நாற்பது வயதிருக்கும். புண்களிலிருந்து அவிழ்த்த கட்டுத்துணிகளைப் பெரிய செம்புப் பானையில் அவித்து அலசிக் காயப்போடுவது அவர் வேலை. பெருவியாதிக்காரர்களின், அதாவது குஷ்டரோகிகளின் துணியும் அதில் உண்டு. வேறு யாரும் அந்தத் துணியைத் தொட மாட்டார்கள். இவர் தொடுவார். பையன்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு காலையில் ஒரு பையன் அவரிடம், "என்ன அண்ணாச்சி, காதுமடல் தடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் இன்னொருவன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இரண்டடி தள்ளி நின்று பேசினான். வேறொருவன் அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பி, "இந்த இடம் வெளுத்திருக்கே, எப்பம் இருந்து?" என்று கேட்டான். காது தடிப்பதும், தோல் வெளுத்து மரத்துப்போவதும் பெருவியாதியின் அடையாளங்கள். முறை வைத்துக்கொண்டு செய்தார்கள். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை மட்டும் கவனித்தேன். வீட்டில் ஏதோ சங்கடம் என்று நினைத்தேன்.

ஒருநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது, என் மேசை அருகே முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துணியால் கட்டியிருந்தார்கள். வக்கீல் மகன் கையில் ஊசி. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய இடது புறங்கையில் அதை இறக்கிவிட்டான். ரத்தம் துளிர்த்தது. அவர் அசையவில்லை.

"தெரியுதா அண்ணாச்சி?"

"இல்ல மக்கா. ஒண்ணும் தெரியல்ல."

வலது கையில் குத்தினான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், மனசைக் கண்டுபிடிச்சாச்சு" என்றான் அவன். பையன்கள் கைதட்டினார்கள். கண்கட்டோடு இருந்த மனிதர், எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

நான் கட்டை அவிழ்த்தேன். "உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. இவர்கள் சொன்னது அத்தனையும் பொய். விளையாட்டு" என்றேன். வக்கீல் மகனும் சிரித்தபடியே, "ஆமா அண்ணாச்சி, சும்மா" என்றான்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நான் மனசு நொந்து வெப்ராளப்படக் கூடாதுன்னு சொல்லுதிய. எனக்குத் தெரியும் டீச்சர். நானும் எத்தனையோ பேருக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒண்ணும் இல்லன்னு."

பெரிய டாக்டர் துரை அவரை உட்கார வைத்துச் சோதித்தார். நோய்க்கு அடையாளமே இல்லை என்றார். அதையும் அவர் ஆறுதல் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டார். பையன்களுக்கு ஒரு வாரம் பந்து விளையாடத் தடை. என்னிடம் துரை, உங்கள் பாடம் நன்றாகவே பதிந்திருக்கிறது என்றார். கேலியா பாராட்டா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

கைக்கு உணர்ச்சி திரும்பிவிட்டதா என்று தனியே சோதித்துப் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். கொதிக்கும் செம்பின் விளிம்பில் இடது கையை வைத்திருக்கிறார். தோல் வெந்த பிறகுதான் எடுத்தார். புண் சீழ் பிடித்தது. அந்தக் கையோடு அவர் ஊருக்குள் நடந்து போனதைச் சனங்கள் பார்த்தார்கள்.

அவர் மனைவியின் சகோதரர்கள் வந்து அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஓடிப்போய் வழிமறித்தேன்.

"நோய் இல்லை. நான் சொல்லுகிறேன், துரையும் சொல்லுகிறார்" என்றேன்.

மூத்தவன் என்னிடம் கேட்டான்: "டாக்டருக்குப் படிக்க பிள்ளையளே குத்திப் பாத்துச் சொன்னாவளாம். நிங்க என்ன டாக்டரா?"

மனைவி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. சில நாளில் அவரே யாரிடமும் சொல்லாமல் குளச்சலுக்கு அப்பால் இருந்த பெருவியாதிக்காரர் விடுதிக்கு நடந்து போய்ச் சேர்ந்துகொண்டார். கையில் இருந்த புண்ணைப் பார்த்து அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷப் பரீட்சையில் வக்கீல் மகன் என் பாடத்தில் முதலாவதாக வந்தான். விடைகள் அத்தனையும் சரி. நான் அதற்கு மேல் அங்கே இருக்கவில்லை. பிறகு அவன் தக்கலையில் வைத்தியம் பார்த்தான். கைராசிக்காரன் என்று பெயர். பஸ்ஸில் ஒருமுறை பார்த்தபோது எழுந்து இடம் கொடுத்தான். "நிங்க சொல்லித் தந்ததுதான் டீச்சர் இப்பமும் எனக்குக் கைகொடுக்கு" என்றான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த விடுதிக்குப் போனேன். அவர் சமையல்கட்டில் கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். கஞ்சி தளும்பி இடது கையில் விழுந்தது. "அம்மோ" என்று கையை உதறினார். உதறிய பிறகுதான் நான் வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லிராதிய டீச்சர். உணர்ச்சி வந்து ரொம்ப நாளாச்சு. டாக்டரு வந்து குத்திப் பாக்கையில பல்லைக் கடிச்சிட்டு இருப்பேன். நோய் இல்லன்னு தெரிஞ்சா வெளிய எறக்கி விட்டிருவாவ. நான் எங்க போவேன்? எந்த வீட்டுல உள்ள கேற விடுவாவ?"

நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

"பிள்ளையளப் பாத்தியளா?"

பார்த்திருந்தேன். அருமனைச் சந்தையில், மாமன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "நல்லா இருக்காங்க" என்றேன்.

"என்னைக் கேக்காவளா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க இறந்துபோனதா சொல்லி வளர்க்கிறாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் அகப்பையால் கஞ்சியைக் கிளறினார்.

"அது கொள்ளாம், நல்லதுதான். பெருவியாதிக்காரன் மக்கன்னா யாரு கலியாணம் கெட்டுவா?" என்றவர், ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைத்தார். பிறகு, எனக்கு அதில் கஞ்சி ஊற்றலாமா என்று தயங்கி, அதைக் கீழே வைத்துவிட்டார்.