சரிவுக்குக் குறுக்கே ஒரு கரை: ஊரிகம் போய் வந்தேன்

போன செப்டம்பரில் தனியாகத்தான் கிளம்பினேன். திருப்பத்தூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைக்குப் போகும், காய்ந்தால் வெடிக்கும். சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த என் கணவர், போடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜேசிபிக்காரர் ஏக்கருக்குப் பதினைந்தாயிரம் கேட்கிறார். விற்றுவிடு என்கிறான் கனடாவில் இருக்கும் மகன். செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்று, போட்டுப் பார்த்த ஒருவரிடம் கேட்டாக வேண்டும். எனக்குத் தெரிந்தவர் கணவரின் நண்பர் சாமுவேல் அண்ணன். தங்கச் சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். சுரங்கம் மூடியபின் ஊரிகத்துக்கு அப்பால் நிலம் வாங்கி, மூன்று வருஷம் முன்பு கரை போட்டார்.

ஜோலார்பேட்டையில் காலை ரயிலேறினால் பங்காருபேட்டை ஒன்றரை மணி நேரம். அங்கே மாரிகுப்பம் வண்டிக்குக் காத்திருந்தபோது, பழக்க தோஷத்தில் இரண்டு காபி சொல்லிவிட்டு இரண்டையும் நானே குடித்தேன். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் மண்தானே என்றார் ஓட்டுநர். மண்ணைத்தான் பார்க்கப் போகிறேன் என்றேன்.

அண்ணனின் மனைவி பெங்களூரில் மகளோடு இருக்கிறார். இவர் மட்டும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து தினமும் நிலத்துக்கு வருகிறார். கரையை ஒட்டிய கேழ்வரகு கரும்பச்சையாக நின்றது. தள்ளிப் போகப்போக வெளிறியிருந்தது. முதல் வருஷம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பம்ப்காரனுக்குத் தண்ணி நின்னா தூக்கம் வராது சிஸ்டர். அத வெளிய தள்றதுதான எங்க வேல? மொத மழைக்கே கரைய நானே வெட்டி உட்டுட்டேன்."

மேல்மண் அத்தனையும் கீழ்நிலத்துக்குப் போய்விட்டதாம். மறுபடி கரை கட்டி, மிஞ்சும் தண்ணீர் மட்டும் போக மூலையில் பலகை போட்ட ஒரு வாய் வைத்தார். பலகையைத் தூக்கும் முன் கீழே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுப்பது சுரங்கப் பழக்கம். இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. கீழ்நிலத்துக்காரர் பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அவர் கிணற்றில் இப்போது தண்ணீர் ஏறியிருக்கிறது, இறைக்கத்தான் ஆளில்லை.

நாலு மூட்டை கண்ட ஏக்கர் இப்போது ஆறு மூட்டை காண்கிறது. ஆனால் வருஷா வருஷம் கரையைச் செப்பனிடும் கூலியையும் சேர்த்தால் போட்ட காசு இன்னும் கைக்கு வரவில்லை. மழையே இல்லாத வருஷம் கரை இருந்தும் பயனில்லை. அப்படியானால் நான் விற்றுவிடவா என்றேன்.

"காசுன்னு பாத்தா வித்துடறதுதான் நல்லது. வித்துட்டு எங்க போய் நிக்கறது? அதான் எனக்குத் தெரியல."

கிணற்றைப் பார்க்கக் கீழே இறங்கினேன். மூன்று மணிக்குப் பிடித்த மழை அரைமணியில் வெளுத்து வாங்கியது. மேலே அவர் உருவம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"கீழ ஆளு கீதா?"

"இருக்கேண்ணா," என்று கத்தினேன். அப்புறம் அழுகை வந்தது. நான் இருக்கிறேனா என்று யாரும் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. நான் மேலேறி வரும்வரை அவர் பலகையைத் தொடவில்லை.

இதே யோசனையில் இருப்பவர்கள் கோடையில் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் நனைந்து பாருங்கள். கரை கட்டும் செலவோடு அதைக் காக்கும் செலவையும் கேளுங்கள். நிலத்திலிருந்து ஊரிகம் ஸ்டேஷனுக்குத் திரும்ப ஆட்டோ கிடைக்காது, முன்பே பேசி வையுங்கள்.

ஊர் வந்ததும் ஜேசிபிக்காரருக்குப் போன் செய்தேன். கரை போடுங்கள், மூலையில் ஒரு வாய் விடுங்கள் என்றேன். எங்கள் நிலத்துக்குக் கீழேயும் யாரும் இல்லை. ஆனாலும் பலகையைத் தூக்கும் முன் ஒரு குரல் கொடுக்கத்தான் போகிறேன்.