பகடை சொன்ன கர்ப்பம்

இன்று எடப்பாடி பஸ்ஸில், கல்லூரியில் கூடப் படித்த செந்திலைப் பார்த்தேன்.

எண்பதுகளில் அவர் மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு பகடை விளையாட்டு கொண்டுவந்தார். செந்தில் கதை சொல்வார்; நண்பர்கள் நாங்கள் நால்வரும் கதைக்குள் வீரர்கள்; அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பகடை முடிவு செய்யும். ஒருநாள் கதையில் நான் ஆடிய வீராங்கனைக்குக் கல்யாணம் நடந்தது. உடனே செந்தில் பகடையை உருட்டினார்.

"முழுகாம இருக்கறாங்க. இனிச் சண்டைக்குப் போகாம ஊட்டுல இருக்கோணும்."

"புள்ள வேணுமான்னு அவளைக் கேட்டீங்களா?"

"பகடை சொல்லுதுங்க!"

"சண்டைக்குப் பகடை உருட்டுங்க. புள்ள எப்பன்னு நாந்தான் சொல்லுவேன். இல்லாட்டி ஆட்டத்துக்கு வரலைங்க."

மற்ற மூவரும் என் பக்கம் பேசினார்கள். செந்தில் விதியை மாற்றினார். அன்றே கதையில் வந்த அரக்கனை வெட்டிச் சாய்த்தேன்.

இன்று பஸ்ஸில் செந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியிடம், "அரக்கனை வெட்டுனவங்க இவங்கதான்" என்றார். அந்த அம்மா எழுந்து, நின்றுகொண்டிருந்த எனக்கு இடம் கொடுத்துவிட்டார்.

வேறு யாருக்காவது இப்படி சீட் கிடைத்ததுண்டா?