பல்செட் சாரின் ஜோடி விளக்கு

தண்ணீரிலிருந்து எடுத்த மரத்தகட்டை அவர் முதலில் மேலுதட்டில் வைத்துப் பார்ப்பார். பிறகு தலையைச் சாய்த்து, ரேகை ஓடும் திசையில் நகத்தால் ஒரு கோடு இழுப்பார். "ஊறின மாதிரியும் இருக்கு, ஊறாத மாதிரியும் இருக்கு" என்று முனகிவிட்டு மறுபடி உள்ளே அமுக்குவார். ஊறப்போட்டிருப்பது குளியலறைத் தொட்டியில். அதனால் அவர் மனைவி துண்டும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பல்செட் செய்வது அவர் வேலை. எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் பல்செட் சார்தான். என் கீழ்வரிசையில் சில பற்கள் அவர் கைவேலை. எது சொந்தம், எது அவருடையது என்று என் நாக்குக்கே இப்போது தெரிவதில்லை. மெழுகு உருக்குவதும் அச்சு எடுப்பதும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்பதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே கை வீட்டுக்கு வந்து ஒரு மரத்தகட்டைத் தொட்டதும் ஏன் இப்படி விழிக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

ஹாலில் ஜன்னலோரமாக அவருடைய ஊசிரம்பம் இருக்கிறது. பார்ப்பதற்குத் தையல் மெஷின் போலவே இருக்கும். ஊசிக்குப் பதில் நூல்போன்ற ரம்பம் மேலும் கீழுமாகக் குதிக்கும். மெல்லிய தகட்டில் இலை, கொடி, பறவை என்று அவர் அறுத்து எடுப்பதைப் பார்த்தால் கண்கொட்டத் தோன்றாது. வெட்டுவதில் குறையே இல்லை. வெட்டிய தகட்டைச் சுவர்விளக்குக்கு மூடியாக அரைவட்டத்தில் வளைக்கும்போதுதான் வினை. பால்பவுடர் டப்பாமேல் வைத்து மெல்ல அமுக்குவார். முக்கால்வாசி வளைந்து வரும். அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அப்போது பறவையின் கழுத்தில் பட்டென்று ஒரு சத்தம். "ஒண்ணுமே புரியல போங்க" என்று உடைந்த துண்டை என்னிடம் நீட்டுவார். நான் என்ன செய்வேன், வாங்கி வைத்துக்கொள்வேன்.

இத்தனைக்கும் போன மாதம் ஒரு மூடி, கண் பட்டுவிடும்போல அழகாக வளைந்துவிட்டது. டப்பாவில் சுற்றி, துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் அவசரம் என்று ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி நிற்கிறது. அன்றைக்கே படம் எடுத்து உறவு முழுக்க அனுப்பினார். பாப்பா என்று அவர்கள் கூப்பிடும் மகளின் மாமியார் உடனே போனில் அழைத்தார். "எங்க புது வீட்டு வாசல்ல ரெண்டு பக்கமும் மாட்டற மாதிரி ஜோடியா குடுங்க சம்பந்தி" என்றார். "இன்னும் ஒண்ணுதானே, ஆச்சுன்னு வச்சுக்கோங்க" என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த இன்னும் ஒண்ணு வரவே இல்லை. மூலைக்கடைத் தச்சர் கொதிக்கிற தண்ணீர்தான் சரி என்றார். வாத்தியக் கருவிகள் பழுது பார்ப்பவர், தண்ணீரே ஆகாது, சூடான குழாயில் வைத்துத் தேய்க்க வேண்டும் என்றார். ஏதோ வீடியோவில் துணிக்குப் போடும் வாசனைத் திரவம் கலக்கச் சொன்னார்களாம். அதையும் கலந்தார். பறவைகள் உடைந்ததென்னவோ உடைந்ததுதான், வீடு மட்டும் சலவைக்கடை மாதிரி மணத்தது. "யார் சொல்றது சரின்னே தெரியல. எல்லாரும் சரியாத்தான் சொல்றாங்க. எனக்குத்தான் உடையுது."

இன்னொரு விஷயமும் அவருக்குப் பிடிபடவில்லை. முதல் மூடியை ஊருக்கெல்லாம் காட்டியபோது மனைவி வாயே திறக்கவில்லை. சம்பந்தி கேட்டது பற்றிப் பேச்செடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். நான் டப்பாவின் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடிக்க, ஈரத்தகடு பாதி வளைந்து நின்றது. விட்டால் தெறிக்கும், அமுக்கினால் உடையும். "அன்னிக்கு இதே டப்பா, இதே தகடு, இதே கை" என்று அவர் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு உங்க கை இல்லங்க" என்றார் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போனதுமே கிளிப்பு ஒண்ணொண்ணா தெறிச்சுது. பிரிஞ்சுடப் போகுதேன்னு நான்தான் அமுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அந்த நேரம் பாத்து பாப்பா போன் பண்ணா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, பிடிச்சபடியே பேசினேன். வச்சப்புறம் பாத்தா ஈரமெல்லாம் காஞ்சிருந்தது."

"காயற வரைக்குமா? அவ்ளோ நேரம் பிடிச்சிருந்தியா?"

"கை மரத்துப் போச்சு. எனக்கு அது நெனப்பே இல்ல."

அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அப்ப தண்ணி இல்ல, சூடு இல்ல, பிடிதான் விஷயம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொன்ன பிறகுதான் ஏதோ தட்டியிருக்க வேண்டும். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "அவ்ளோ நேரம் பாப்பா என்ன பேசினா?"

நான் எழுந்து போகலாம் என்றால் கையில் தகடு. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"அங்க யாரும் அவகிட்ட பேசறதில்லையாம்."

"ஏன், என்ன சண்டை?"

"சண்டை இல்லங்க. திட்டறதும் இல்ல. அவ வந்தா பேச்சை நிறுத்திடறாங்களாம். மாப்பிள்ளையும் அப்படித்தானாம். கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டா. அப்பாகிட்ட சொல்லாத, விளக்கு செய்யறாரு, சந்தோஷமா இருக்காருன்னா."

"சம்பந்தியம்மா என்கிட்ட நல்லாத்தானே பேசறாங்க" என்றார் அவர். வாதாடுகிற குரல் இல்லை. கணக்கு எங்கே இடறுகிறது என்று தேடுகிற குரல். பிறகு என்னிடம், "விட்டுடுங்க சார்" என்றார். விட்டேன். தகடு டப்பாவை உதறிவிட்டு நேராக நிமிர்ந்து தரையில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலை போனபோது உள்ளறையிலிருந்து பலகைகளை ஹாலுக்குக் கடத்திக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன் மகள் படுத்துக்கொண்டிருந்த அறை அது. கட்டில்மேல்கூட மரம் அடுக்கி வைத்திருந்தார் மனிதர். நானும் ஒரு கை கொடுத்தேன். நடுவில் போன் அடித்தது. சம்பந்தியம்மா.

"வளைய மாட்டேங்குதுங்க" என்றார் இவர். "ஏன்னு எனக்கே தெரியல." அந்தப் பக்கம் ஏதோ சமாதானம் சொன்னார்கள்போல. கேட்டுக்கொண்டார். பிறகு, "பாப்பாகிட்ட கொஞ்சம் குடுங்க" என்றார்.

அவள் உள்ளே இருக்கிறாள், அவள் போனுக்கே பண்ணுங்களேன் என்று பதில் வந்திருக்க வேண்டும்.

"பரவால்லங்க. நீங்களே கூப்பிடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

இருந்தார். தோளில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தார். அந்த வீட்டில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் எனக்கும் மெலிதாகக் கேட்டது.

"பாப்பா, ரூம் காலி பண்ணிட்டேன்" என்றார்.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சரி. பஸ் ஏறினதும் சொல்லு" என்று வைத்தார். என்னிடம், "என்ன தப்புன்னு அவளுக்கே தெரியலையாம் சார். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் கடைசிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹாலில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வந்து பார்த்தபோது, கட்டிலையும் ஜன்னலையும் ஈரத்துணியால் துடைத்து முடித்திருந்தார். தலையணைக்குப் புது உறை போட்டிருந்தார். குனிந்து, அதன்மேல் தன் கன்னத்தை வைத்தார். எடுத்து, கன்னத்தில் விரலை ஓட்டி, விரல்நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். தூள் இருந்ததோ இல்லையோ, உறையைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் கன்னத்தை வைத்தார்.