புளி போட்டுத் தேய்த்த பட்டன்

நியூஜெர்சியில் நான் மகனோடு இருந்தபோது, கீழ் வீட்டில் ஒரு தமிழ் என்ஜினீயர் இருந்தார். வாரமெல்லாம் வேலை பார்த்துக் களைத்த முகம். ஞாயிறானால் ஒரு பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி, அவர் நிலத்தில் மெட்டல் டிடெக்டரோடு அந்தக் காலப் போரில் அங்கே முகாமிட்டிருந்த சிப்பாய்களின் சட்டைப் பட்டன்களைத் தேடுவார். நானும் துணைக்குப் போவேன். கிடைத்ததைப் பல்குத்தும் குச்சியால் மணிக்கணக்கில் சுரண்டுவார்.

அவர் தேடிய ஆறு வருடத்தில் முதன்முறையாக, படைப்பிரிவின் எண் பொறித்த பித்தளைப் பட்டன் ஒன்று அகப்பட்டது. ஆபீஸ் வேலையாக வெளியூர் போகுமுன் அதை என்னிடம் கொடுத்தார்.

“பத்திரம் அங்கிள். தண்ணிகூட படக்கூடாது. நம்பர் போச்சுன்னா அது வெறும் பட்டன்.”

“பித்தளையைப் பத்தி எனக்கேவா?” என்று சிரித்தேன்.

அவர் போனதும் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்போடு எண்ணும் போயிற்று. அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்தான்.

திரும்பி வந்தவர் கட்டைவிரலால் அதை வெகுநேரம் தடவினார். “பரவால்ல அங்கிள், பளபளன்னு இருக்கு” என்றார்.

அடுத்த ஞாயிறும் கதவைத் தட்டினார். “அங்கிள், கிளம்பலாமா?”

நான் தூங்குவதாகச் சொல்லும்படி மருமகளுக்குச் சைகை காட்டினேன். அதன் பிறகும் பல ஞாயிறுகள் தட்டினார். என்னை மறுபடி கூப்பிட அவருக்கு எப்படி மனம் வந்ததோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.