பேச்சில் பயில்வான்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கின் வாசலில் நிற்கிறேன். காலை வெயிலிலேயே மஞ்சள் தூசி மூக்கை அடைக்கிறது. நேற்றிலிருந்து டீ மட்டும்தான் சாப்பாடு. இன்று எப்படியாவது வேலை கிடைத்தாக வேண்டும்.

“மூட்டை தூக்கிப் பழக்கமுங்களா?” என்று மேஸ்திரி கேட்கிறார்.

“ஹாங்காங்ல குடோன் வேலை பார்த்திருக்கேன். ஒரே தடவைல ரெண்டு மூட்டை தூக்குவேன்” என்கிறேன். குடோன் வேலை பார்த்தது உண்மை. ரெண்டு மூட்டை பொய்.

“ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க. ஐயா ஹாங்காங்குல தூக்குனவருங்க” என்று அவர் சுமையாட்களை ஒதுக்குகிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் குனிந்து தூக்கும் ஒரே மூட்டை முழங்கால் வரைதான் வருகிறது. பழைய தோள்வலி சுண்டி இழுக்க, கீழே விட்டுவிடுகிறேன்.

“இந்த மாதிரி ஆளை அங்க ‘தாய் செக் கோங்’னு சொல்லுவாங்க. பேச்சுல மட்டும் பயில்வான்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று மேஸ்திரியிடம் கேட்கிறேன்.

“நாங்க ஒன்னும் சொல்ல மாட்டமுங்க. மூட்டைய எடுங்கன்னு மட்டும் சொல்லுவமுங்க.”

இப்போதுதான் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு, கிளம்புவதற்காக என் பையை எடுக்கிறேன். மேஸ்திரி ஒரு கோணி ஊசியையும் சணல் கயிற்றையும் நீட்டுகிறார்.

“சாக்கு வாய் தைக்க வருமுங்களா?”

அந்த வேலை எனக்கு நன்றாகவே வரும்.

“சுமாரா வருமுங்க” என்கிறேன்.