ரதிதேவியின் முதல் ஒலிநாடா

1986இல் ஓக்லாந்துப் பொது வானொலி என் மனைவி ரதிதேவியின் நிகழ்ச்சி யோசனை ஒன்றுக்குச் சரி சொன்ன அன்று, எங்கள் சான்ட்ரிங்ஹாம் வீட்டில் அடுப்பில் இருந்த பருப்பு கருகிப்போனது. யார் கவனித்தார்கள்? தொலைபேசியை வைத்துவிட்டு அவள் குசினிக்குள் குதித்த குதியில் நானும் சேர்ந்து குதித்தேன்.

அதுவரை அவள் அனுப்பிய யோசனைகள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தவை. வானொலியில் அவளுக்கு வேலை கிடையாது. கதை பிடித்தால் வாங்குவார்கள், இல்லையென்றால் இல்லை. இந்த முறை பிடித்தது புஷ்பவதி அக்காவின் கதை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், இப்போது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். இதைப் போய் வேண்டாம் என்பார்களா!

பதிவு அமோகமாக நடந்தது. ஆனால் நிகழ்ச்சி ஆசிரியர் ஹெலன் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். புஷ்பவதி அக்கா ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் ரதிதேவியின் "ஓம்... ஓம்..." ஏறி உட்கார்ந்திருந்தது. மூத்தவர் கதைக்கும்போது 'ஆமாம், கேட்கிறேன்' என்று நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்போம். சும்மா இருந்தால் மரியாதை இல்லை. வானொலியிலோ பேட்டி எடுப்பவர் மூச்சுவிடக் கூடாதாம். இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்திருந்ததால் ஓமை மட்டும் நாடாவிலிருந்து பிளேடால் வெட்டி எடுக்கவும் வழியில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பதிந்து வராவிட்டால் ஞாயிறு நிகழ்ச்சி வேறொருவருக்குப் போய்விடும் என்று ஹெலன் சொல்லிவிட்டார்.

இரண்டாம் தடவை ரதிதேவி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். புஷ்பவதி அக்கா பாதியில் நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, நான் சொல்லுறதிலை ஏதும் பிழையோ?"

அதற்குப் பிறகு அவர் சொன்னது கதையாக இல்லை. பரீட்சைக்கு ஒப்புவித்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை நான்தான் காரோட்டிப் போனேன். புது நாடாவைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று புத்தி சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். உள்ளே போனதும், கேட்டுப் பாருங்கள் என்று பழைய நாடாவையே போட்டாள்.

ஹெலன் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு மெல்ல முன்னால் சாய்ந்தார். அக்கா முதன்முதலாகப் பாரம் தூக்கிய இடம் அது. பெட்டிகள் மேல்தட்டுவரை ஏறிவிட்டன, கீழே மேற்பார்வையாளர் கத்துகிறார், பெட்டிகள் ஆடுகின்றன. சரியாக அங்கே ரதிதேவி நாடாவை நிறுத்தினாள்.

"பிறகு?" என்றார் ஹெலன்.

"நாடாவில் ஒவ்வொரு ஓமிலும் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாள் ரதிதேவி ஆங்கிலத்தில்.

ஹெலன் சிரித்துவிட்டு, மிச்சத்தையும் போடச் சொன்னார். எனக்கு அந்த அறையிலேயே இன்னொரு முறை குதிக்கலாம் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓம்கூட வெட்டுப்படாமல் நிகழ்ச்சி நகரம் முழுக்கப் போனது.